நேரில் பார்த்துச் சோதித்தேன்

இங்ஙன உக்காரலாமாக்கா? ஜன்னல் ஓரம் நீங்களே வச்சுக்கோங்க. எனக்குக் காத்து பட்டா தலை கலைஞ்சு போகும். ஆபீசுக்குப் போறேன்லா, பாக்க அடக்கமா இருக்கணும்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லியிருக்காக. சேலைகூட அவுக எடுத்துக் குடுத்ததுதான். சாம்பல் கலரு. பளிச்சுன்னு கட்டிட்டுப் போனா துக்கம் இல்லாதவன்னு நினைச்சுருவாகளாம். எவ்வளவு யோசிச்சிருக்காக பாருங்க.

நீங்க எதுவரைக்கும் போறீக? ஜங்ஷனா? நான் அதுக்கு முந்தியே வண்ணாரப்பேட்டைல இறங்கிருவேன். விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காக, பதினோரு மணிக்கு. அய்யோ, பையை அப்படி இறுக்கிப் பிடிக்காதீக, நான் ஒண்ணும் களவாண்டுட்டு வரல. இது கரண்டு விசாரணை. எங்க ஊருல ஒரு வீட்டுல ஒரு அம்மா கரண்டு அடிச்சு செத்துப்போனாக. அந்த வீட்டுக் கரண்டு பேப்பர்ல என் கையெழுத்து இருக்கு. அவ்வளவுதான் சங்கதி.

ஆமாக்கா, எங்கூரு கோவில்பட்டி. எம்பேரு செண்பகவல்லி. அம்மன் பேருதான், எங்க ஊருல தெருவுக்கு நாலு பேரு இருப்போம். எங்க அய்யா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவுக. நீ கரண்டு படி, அதுக்குத்தான் என்னைக்கும் வேலை இருக்கும்னு பாலிடெக்னிக்ல சேத்துவிட்டாக. வகுப்புல நாங்க மூணே மூணு பொம்பளப் பிள்ளைக. மத்த ரெண்டு பேரும் பாதியில நின்னுட்டாளுவ. நான் முடிச்சேன். டிப்ளமா, முதல் வகுப்பு. வாத்தியாரு எனக்கு சோல்டரிங் நல்லா வருதுன்னு சொல்லுவாக. அதெல்லாம் இப்ப எதுக்கு.

பொண்ணு பாக்க அவுக வந்தப்போ பவுனு கேக்கல, பாத்திரம் கேக்கல. எங்க அம்மாவுக்கு நம்பவே முடியல. சர்டிபிகேட்டை மட்டும் கேட்டாக. ரெண்டு கையாலயும் வாங்கி ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்தாக. என்னை நிமிந்து பாத்தாகளான்னு எனக்கு ஞாபகம் இல்ல. படிப்பை மதிக்கிற மாப்பிள்ளை கிடைக்கிறது லேசா சொல்லுங்க? அவுக ஒம்போதாம் வகுப்பு. ஆனா கையில வயரிங் வேலை அப்படி இருக்கும். கொம்பையான்னா எங்க ஊருல எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்லுவாக.

கை மட்டும் இருந்தா லைசென்ஸ் குடுக்க மாட்டாகள்லா. படிச்ச ஆளு பேருலதான் குடுப்பாக. அதான் என் பேருல எடுத்தோம். வந்த அன்னைக்கே பிரேம் போட்டு எங்க கல்யாணப் போட்டோவுக்கு மேல மாட்டினாக. பாக்கிறவுக எல்லாம் கேப்பாக, போட்டோவை விட இது பெருசா இருக்கேன்னு.

எப்படின்னா, ஒரு வீட்டுக்குப் புதுசா லைன் குடுக்கணும்னா, வேலை முடிஞ்சதுன்னு ஒரு பாரம் எழுதிக் குடுக்கணும். எத்தனை பாயிண்டு, வயரு எப்படி இருக்கு, எர்த்து எப்படி இருக்கு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கும். எர்த்துன்னா உங்களுக்குத் தெரியுமாக்கா? கரண்டு எங்கயாவது கசிஞ்சு வெளிய வந்தா, நம்ம மேல ஏறாம மண்ணுக்குள்ள இறங்கிப் போறதுக்கு ஒரு வழி. குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்பு இறக்கி, கோடையில தண்ணியும் ஊத்தணும். பாரத்துல கடைசி வரியா, 'மேற்படி வேலைகளை நேரில் பார்த்துச் சோதித்தேன்'னு அச்சடிச்சிருக்கும். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சு, விளக்கேத்திட்டு, பத்துப் பாரத்துல மொத்தமா கையெழுத்துப் போடுவேன். மேல இருக்கிற பாரத்து மூலையில மஞ்சள் தொட்டு வச்சு அவுக கையில குடுப்பேன். வீடு யாருதுன்னு அப்போ எழுதியிருக்காது. சில வீடு அஸ்திவாரமே போட்டிருக்காது. உன் கையெழுத்துதான் நம்ம வீட்டு லட்சுமின்னு அவுக சொல்லுவாக. வேற எதுக்கும் அவுக என்னைப் புகழ்ந்து நான் கேட்டதில்ல, பொய் சொல்லக் கூடாது.

எர்த்து எப்படி இருக்குன்னு அளந்து எழுதுற நம்பரை மட்டும் நான்தான் போடுவேன். அதை யாருக்கும் விட மாட்டேன். மத்தவுக எல்லாம் எர்த்துக் கட்டத்துல ரெண்டுன்னு எழுதிருவாக, இல்ல ஒண்ணுன்னு எழுதிருவாக. முழு நம்பரா போட்டா அளக்கவே இல்லைன்னு பாக்கிறவனுக்குத் தெரிஞ்சிருமே, அந்த விவரம்கூட இல்ல. நான் ஒண்ணு புள்ளி எட்டுன்னு போடுவேன். பாலிடெக்னிக் லேப்ல நாங்க அளந்தப்போ வந்த நம்பரு அது. சும்மா வாயில வந்ததை எழுதுற ஆளு இல்லக்கா நானு.

எர்த்து அளக்கிற பெட்டியும் வீட்டுல இருக்கு. லைசென்சுக்குக் காட்டணும்னு வாங்கினது. உறைகூடப் பிரிக்காம புதுசாவே வச்சிருக்கோம். வருசாவருசம் ஆயுத பூஜைக்கு வெளிய எடுத்து, துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, திரும்பப் பீரோவுல வச்சிருவோம்.

போன வருசம் ஆடி மாசம் தலை நிமிர நேரம் இல்ல. ஆடியில யாரு பால் காய்ச்சுவா? எல்லாரும் ஆவணி முகூர்த்தத்துக்கு வீட்டை முடிக்கணும்னு நிப்பாக. அதனால வயரிங் பூரா ஆடியிலதான் வந்து விழும். வெள்ளிக்கிழமை போதாம செவ்வாயும் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒரு வீடுதான் பொன்னுலிங்கம் அண்ணாச்சி வீடு. தீப்பெட்டி ஆபீஸ்ல எங்க அய்யாகூட வேலை பாத்தவுக. ஊருக்கு வெளிய புது பிளாட்டுல கட்டினாக. எர்த்துக் குழி வெட்டினாகளான்னு கேக்கீகளா? வெட்டினாகளாம். கரிசல் காடு, கீழ பாறை வந்துருச்சு. முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. பெறவு பாத்துக்கிடலாம்னு வயரைச் சுவத்துக்குள்ளயே விட்டுட்டு மூடிட்டாக. எனக்கே இது இப்பத்தான் தெரியும்.

பால் காய்ச்சுக்கு அண்ணாச்சி பொஞ்சாதி முத்துக்கனி அக்கா நேருல வந்து என்னையக் கூப்பிட்டாக. வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாக. அன்னைக்குப் பாத்து எனக்கு வீட்டு விலக்கு. போகல. பெறவும் ஒரு நாள் போகணும் போகணும்னு இருந்து போகவே இல்ல.

இது வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா. பெறவு வந்ததுதான் வினை. தை மாசம் அண்ணாச்சி மகன் சென்னையில இருந்து துணி துவைக்கிற மிஷின் வாங்கி அனுப்பினான். அதைப் பின்னால தகரக் கூரைக்குக் கீழ வைக்கணும், அங்க பிளக்கு இல்ல. எங்க வீட்டுக்காரவுக போய் அடுப்படியில இருந்து ஒரு லைன் இழுத்து ஒரு பிளக்கு போட்டுக் குடுத்துட்டு வந்தாக. அரை மணி நேர வேலை. ஈரம் புழங்குற இடத்துல புதுசா பாயிண்டு போட்டா எழுதிக் குடுக்கணும், திரும்பச் சோதிக்கணும். அது சட்டம். நான் சொன்னேங்க்கா. சொல்லாம இருக்கல. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருவோமேன்னு சொன்னேன். அவுக சிரிச்சாக. "ஏட்டி, ஒத்தை பிளக்குக்கு லெட்டரா? கொசு அடிச்சாக்கூட போலீசுக்கு எழுதிப் போடுவ போலிருக்கே"ன்னாக. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. சின்ன வேலைக்கெல்லாம் யாரு ஆபீசுக்குப் போறா? உங்க வீட்டுல போனீகளா?

அந்த மிஷினைப் போட்டா மெயின்ல டிரிப்பர் விழும். கசிவு இருந்தா தானா விழுந்து லைனைத் துண்டிச்சுரும், அதுக்குத்தான் அது இருக்கு. அண்ணாச்சிக்கு என்ன தெரியும்? கொம்பையா, உன் டிரிப்பர் சரியில்ல, நாளுக்கு நாலு தடவை விழுதுன்னு சத்தம் போட்டாக. இவுக போய் டிரிப்பர் வழியா போகாம நேரா லைனைக் குடுத்துட்டு வந்துட்டாக. பெறவு விழல. அண்ணாச்சி போன்ல கூப்பிட்டு, இப்பத்தாண்டா வேலைன்னா வேலைன்னு பாராட்டினாக. நானே கேட்டேன், ஸ்பீக்கர்ல.

மாசி கடைசியில முத்துக்கனி அக்கா எங்க வீட்டுக்கு வந்தாக. முருங்கைக்கா ஒரு கட்டு கொண்டாந்தாக. என்னையத் தனியா கூப்பிட்டு, "தாயி, நீ கரண்டு படிச்ச பிள்ளை, உன்கிட்டத்தான் கேக்கணும். மிஷினைத் தொட்டா சுரீர்னு இழுக்கு. எங்க வீட்டுக்காரவுகட்ட சொன்னா உனக்கு வயசாகிப்போச்சு, நரம்புத் தளர்ச்சிங்காக"ன்னு சொல்லிச் சிரிச்சாக. டிரிப்பர் இல்ல, ஈரத் தரை, தொட்டா இழுக்கு. படிச்சவளுக்குத் தெரியாதா? மிஷினைத் தொடாதீகன்னு சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக உள்ள ரூம்புல படுத்திருந்தாக. அவுக வேலையில குத்தம்னு அவுக காது கேக்க நான் எப்படிச் சொல்லுவேன்? ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டு துவைங்கக்கா, இவுகள வந்து பாக்கச் சொல்லுதேன்னு சொல்லி அனுப்பினேன்.

சொன்னேன். அன்னைக்கே சொன்னேன். திங்கக்கிழமை போறேன்னாக. திங்கக்கிழமை வேற வேலை வந்துருச்சு. நான் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். மூணாந்தடவை சொன்னா கோவம் வரும், அவுக கோவத்தை நீங்க பாத்ததில்ல.

பங்குனி பொறந்து ஆறாம் நாள், வெயில் ஏறுற நேரம். முத்துக்கனி அக்கா மிஷின்ல இருந்து துணியை எடுக்கப் போனவுக எடுக்கல. அண்ணாச்சி உள்ள டிவி பாத்துட்டு இருந்தாக. ரொம்ப நேரமா மிஷின் சத்தம் நின்னு போயிருக்கேன்னுதான் எந்திரிச்சுப் போயிருக்காக. காலில செருப்பு இருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாருட்ட கேக்க? சாவு வீட்டுக்குக் கேதம் கேக்கப் போகணும்னு நின்னேன். போகக் கூடாதுன்னு இவுக சொல்லிட்டாக. போனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னாக. அவுக சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு. அந்த முருங்கைக்காயில ரெண்டு அப்பவும் காஞ்சுபோய்க் கிடந்துச்சு, அதை எடுத்துத் தூரப் போட முடியாம அடுப்படியில உக்காந்து அழுதேன்.

அதுக்குப் பெறவு அவுக ஆளே மாறிட்டாகக்கா. அதைச் சொன்னா நம்ப மாட்டீக. பதினாலு வருசத்துல என்னைய அப்படிக் கவனிச்சதில்ல. எங்க கடை போர்டு இத்தனை வருசமா 'கொம்பையா எலக்ட்ரிகல்ஸ்'. மூணே நாள்ல அதை அழிச்சு 'செண்பகவல்லி எலக்ட்ரிகல்ஸ்'னு எழுத வச்சாக. வாரவுக எல்லாம் அம்மன் பேருன்னு நினைச்சுக்கிடுதாக, ஆனா அது எம்பேரு. கீழ 'உரிமையாளர்'னு போட்டு இனிஷியலோட எழுதியிருக்காக. உழைப்பு என்னுது, பேரு உன்னுதா இருக்கட்டும்னாக. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கடை வாடகைச் சீட்டைக்கூட என் பேருக்கு மாத்திட்டாக. பழைய பில்லு, நோட்டு, அவுக கையால எழுதினது எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டு எரிச்சாக. வீடு சுத்தமா இருந்தாத்தான் மனசு சுத்தமா இருக்குமாம்.

சித்திரையில கரண்டு ஆபீசரு ஒருத்தரு கடைக்கே வந்தாரு. அன்னைக்கு இவுக இல்ல, ஏதோ வேலையா வெளிய போயிருந்தாக. அவரு கையில நான் கையெழுத்துப் போட்ட பாரம் எல்லாம் இருந்துச்சு, ஒரு கட்டு. ஒவ்வொண்ணா மேசையில பரப்பினாரு. "ஏம்மா, நாப்பது வீட்டுலயும் எர்த் ஒண்ணு புள்ளி எட்டு. ஊர் பூரா ஒரே மண்ணா?"ன்னு கேட்டாரு. நான் விடுவேனா? "ஆமா சார், எல்லாம் கரிசல் மண்ணுதான்"னு சொன்னேன். அவரு பேனாவை மூடி வச்சுட்டு என்னையே பாத்தாரு. பெறவு மெதுவா, "பாக்காம கையெழுத்துப் போட்டிருந்தா அது ஒரு தப்பு. லைசென்ஸ் போகும். பாத்துட்டுத்தான் போட்டேன்னு நீங்க சொன்னா, எர்த் இல்லாதது தெரிஞ்சே ஒரு உயிரைப் பலி குடுத்ததா ஆகும். அப்புறம் அது எங்க ஆபீசோட நிக்காது, உள்ள போக வேண்டியிருக்கும். வேலை செஞ்சது யாருன்னு யோசிச்சு வச்சுட்டு வாங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

இதை அப்படியே எங்க வீட்டுக்காரவுககிட்ட சொன்னேன். அவுக சொன்னாக, அந்தாளு உன்னைய மிரட்டிப் பாக்கான், நீ மாத்திப் பேசினாத்தான் மாட்டுவன்னு. "ஆம்பளைன்னா தூக்கி உள்ள போட்டுருவானுவ. பொம்பளைன்னா பாவம் பாப்பானுவ. எம்பேரு எந்தப் பேப்பர்லயும் இல்ல, நீயா இழுத்துவிட்டாத்தான் உண்டு"ன்னாக. சொல்லும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. சரிதானேக்கா? ரெண்டு பேரும் உள்ள போனா யாருக்கு என்ன லாபம்?

பத்து நாளா உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாக. என்ன கேப்பாக, நான் என்ன சொல்லணும், எல்லாம். மறந்துரக் கூடாதுன்னு தாள்லயும் எழுதிக் குடுத்திருக்காக. இந்தா பாருங்க. அவுக கையால எழுதல, கடையில டைப் அடிச்சு வாங்கிட்டு வந்தாக. ஆபீசுக்குள்ள போறதுக்கு முந்தி கிழிச்சுப் போட்டுரணுமாம்.

அவுக வரலையான்னு கேக்கீகளா? வர முடியலக்கா. கொச்சியில பெரிய கட்டிட வேலை கிடைச்சிருக்கு. முந்தாநாளே கிளம்பிட்டாக. பத்து நாள் வேலைதான்னாக. பத்து நாளைக்கு எதுக்கு ரெண்டு பேக்குன்னு கேட்டேன். டிரில்லிங் மிஷின், ஆதார் கார்டு, ரேசன் கார்டு, குளிருக்குப் போடுற சட்டை, எல்லாத்தையும் எடுத்து வச்சாக. அங்க மழை பெய்யுமாம். எப்பவும் வாசல்ல திரும்பிப் பாக்காம போற மனுசன், அன்னைக்கு நின்னு, "லைசென்ஸ் பிரேமைக் கழத்தி பையில வச்சுக்கோ, கேட்டாக் காட்டு"ன்னு சொல்லிட்டுப் போனாக. இந்தப் பையில அதான் இருக்கு. கனமா இருக்கு, கண்ணாடி.

எங்க வந்திருக்கோம்? தாழையூத்து தாண்டியாச்சா? ஏக்கா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. நீங்க ஆபீசர் மாதிரி இந்தத் தாளைப் பாத்துக் கேளுங்க, நான் பாக்காம சொல்லுதேன். வீட்டுல சொல்லும்போது வந்துச்சு, இப்ப வருதான்னு பாக்கணும். கூச்சப்படாதீக, இந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது.

ம். வயரிங் வேலை செஞ்சது யாரு? நான்தான் சார். என் மேற்பார்வையில, நானே கூட இருந்து செஞ்சேன்.

சரியா? அடுத்தது.

வீட்டை நேருல பாத்தீங்களா? பாத்தேன் சார். ஆவணி ரெண்டாந்தேதி காலைல போய்ப் பாத்தேன். அறை அறையாப் போய்ப் பாத்தேன்.

எர்த் இருந்துச்சா? இருந்துச்சு சார். நானே அளந்தேன். ஒண்ணு புள்ளி எட்டு.

உங்க கணவருக்கு இதுல என்ன பங்கு? அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது சார். படிப்பு கம்மி. கடையில சாமான் எடுத்துக் குடுப்பாக, அவ்வளவுதான். பாத்தீகளா, திக்காம வந்துருச்சு! நேத்து இந்த இடத்துலதான் ரெண்டு தடவை திக்கிருச்சு.

அவ்வளவுதானே? தாள்ல வேற இல்லையே. என்னக்கா பாக்கீக?

என்ன கேட்டீக? வாசலா?

அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம்னா... இருங்க. இது தாள்ல இல்லையே. அவுக சொல்லித் தரலையே. ஆபீசர் இப்படியெல்லாமா கேப்பாரு? கேட்டாலும் கேப்பாரு, அவரு பேசுன தினுசு அப்படித்தான் இருந்துச்சு. இருங்க, அவுகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருதேன்.

சுவிட்ச் ஆப்புன்னு வருது. காலைலயும் அப்படித்தான் சொல்லுச்சு. நேத்தும். மேல ஏறி வேலை பாக்கும்போது அமத்தி வச்சிருப்பாக. அங்க டவர் கிடைக்காதா இருக்கும்.

தச்சநல்லூர் தாண்டிருச்சே. நான் எந்திரிக்கணும். அண்ணாச்சிகிட்டயா கேக்க முடியும், உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு? அவுகளும் இன்னைக்கு அங்க வருவாகளாம், மகனும் வாரானாம். எதுத்தாப்புலதான் உக்காந்திருப்பாகளாம்.

என்னையத்தான் சொல்லச் சொல்லுதீகளா, நான் அந்த வீட்டையே பாக்கலன்னு? சொன்னா அவுக மாட்டிக்கிடுவாகளேக்கா. உங்களுக்குப் புரியல. போர்டுல எம்பேரைப் போட்ட மனுசனை நான் எப்படி மாட்டிவிடுவேன்?

கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு. அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க, கண்ணாடி, மெதுவா. கையை விடுங்கக்கா, பஸ் நிக்குது, பின்னால ஆளு இறங்கணும்.

கிழக்குன்னு சொல்லிருதேன். எல்லாரும் கிழக்கு பாத்துத்தானே கட்டுவாக? கிழக்காத்தான் இருக்கும்.